பத்திரிகை வீட்டிலே பிறந்த தொலைக்காட்சி

பத்திரிகை நடத்துவோர் தொலைக்காட்சியும் நடத்தப் புகுவது இன்று பல தேசங்களிலும் காணப்படும் வழக்கம். சி. பா. ஆதித்தனார் 1942ஆம் ஆண்டில் மதுரையிலே தொடங்கிய தினத்தந்தி, 2012ஆம் ஆண்டில் தனக்கெனத் தொலைக்காட்சி ஒன்றை அமைத்துக்கொண்டதை நம் வாசகர் அறிவர். அச்சுக்கூடத்தை விட்டுத் திரைக்குப் போகும் ஒரு பத்திரிகை ஸ்தாபனம் எதனைத் தன்னுடன் எடுத்துச் செல்கின்றது, எதனைப் பின்னே விட்டுச் செல்கின்றது? இக்கேள்விக்கு விடை தேடுவோருக்கு மிகப் பொருத்தமான உதாரணம் பம்பாயிலே இருக்கின்றது. 'ரைம்ஸ் ஒவ் இந்தியா'வை வெளியிடும் பெனற் கோல்மன் கம்பனியும் அதன் தொலைக்காட்சிக் குழுவுமே அவ்வுதாரணம். செய்மதி வழியே இந்திய அலைவரிசைகள் நம் வீட்டு விறாந்தை வரை வந்துவிட்ட இக்காலத்தில் இது நமக்குப் புறம்பான விஷயமன்று.

1838ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி, பம்பாயிலிருந்த ஆங்கில வர்த்தகரின் தேவைக்காக, 'பம்பாய் ரைம்ஸ்' என்ற பெயருடன் வாரம் இருமுறை வெளிவரும் தாளாக அது பிறந்தது. 1861இல் 'ரைம்ஸ் ஒவ் இந்தியா' என்ற பெயரைப் பெற்றது. பெனற், கோல்மன் என்போர் அதனை நடத்திய ஆங்கிலேயர் இருவர். 1946இல் ராமகிருஷ்ண டால்மியா அதனை வாங்கினார். பின்னர் அவருடைய மருமகன் சாந்தி பிரசாத் ஜெயின் குடும்பத்தாரின் வசமாயிற்று. கப்பல் வரவும் சரக்கு விலையும் அறிய விரும்பிய வணிகருக்காகப் பிறந்த பத்திரிகை என்பதை மாத்திரம் வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

பத்திரிகைத் தொழிலின் கணக்கு விசித்திரமானது. வாசகன் கொடுக்கும் விலை பெரும்பாலும் கடதாசிச் செலவுக்கே போதாது. மீதியைத் தருவது விளம்பரம். இக்கணக்கை அதன் எல்லை வரை கொண்டுபோனவர்கள் ரைம்ஸ் நிர்வாகத்தினரே. 1994இல் டில்லியிலே அவர்கள் பத்திரிகையின் விலையைச் சடுதியாகக் குறைத்தார்கள். வாசகர் பெருகினர், வாசகர் பெருகியதும் விளம்பரம் பெருகிற்று. போட்டிப் பத்திரிகைகள் திணறின. 2003ஆம் ஆண்டில் அதற்கும் ஒருபடி மேலே சென்று, பொழுதுபோக்கு இணைப்புகளில் தம்மைப் பற்றியோ தம் பண்டங்களைப் பற்றியோ எழுதப்படவேண்டுமென விரும்புவோரிடம் கட்டணம் பெறுவதற்கு 'மீடியாநெற்' என்னும் பகுதியையே அமைத்தார்கள். முன்னர் இடைத்தரகர் மறைவாகச் செய்ததைத் தாம் வெளிப்படையாகச் செய்வதாக அவர்கள் வாதித்தனர். வாதம் சாமர்த்தியமானதுதான். ஆனால் அந்த இணைப்பைப் புரட்டுகின்ற கல்லூரி மாணவனுக்கு எது செய்தி, எது விலைக்கு வந்தது என்பது எவ்விதம் விளங்கும்? தாம் இருப்பது பத்திரிகைத் தொழிலில் அன்று, விளம்பரத் தொழிலில் என்று நிர்வாகிகளுள் ஒருவரான வினீத் ஜெயின், 2012இல் 'நியூ யோர்க்கர்' என்னும் அமெரிக்கச் சஞ்சிகையிடம் ஒளிவு மறைவின்றிக் கூறியிருக்கிறார். அந்த நேர்மையையாவது நாம் பாராட்டலாம்.

இத்தகைய வீட்டிலேதான் தொலைக்காட்சி பிறந்தது. முதலிற் பிறந்த குழந்தை செய்தி அலைவரிசை அன்று என்பது கவனிக்கத் தக்கது. 2004ஆம் ஆண்டில் வந்தது 'சூம்'. சினிமா நட்சத்திரங்கள், நவநாகரிக உடைகள், செல்வர் வீட்டு விருந்துகள் ஆகியவையே அதற்குப் பொருள். பத்திரிகையின் வண்ண இணைப்பு எழுந்து நடமாடத் தொடங்கியது போன்ற தோற்றம். (இவ்விருந்துச் செய்திகளை எழுதும் இளம் பெண் நிருபர் ஒருவரின் மனப்போராட்டத்தைக் காட்டிய 'பேஜ் 3' என்ற ஹிந்திப் படம் 2005இல் வெளியாகி, சிறந்த படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. நம் மாணவர் பார்க்கத்தக்க படம்.) செய்திக்கான 'ரைம்ஸ் நௌ', ரோய்ட்டர் ஸ்தாபனத்தின் கூட்டுறவுடன் 2006இல் தொடங்கிற்று. வர்த்தகச் செய்திக்கென 'ஈ.ரீ. நௌ' 2009இல் வந்தது. ஆங்கிலத் திரைப்படங்களுக்கும் பின்னர் அலைவரிசை உண்டாயிற்று.

ரைம்ஸ் நௌ விரைவிலே புகழடைந்தது. 2016 வரை அதன் பிரதம ஆசிரியராக இருந்த அர்ணாப் கோஸ்வாமி இரவுதோறும் நடத்திய விவாதம் ஆங்கிலம் அறிந்த இந்தியரிடையே பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. திரையைச் சிறுசிறு பெட்டிகளாகப் பிரித்து, பெட்டிக்கு ஒரு முகமாக எட்டுப் பத்துப் பேரை ஒரே வேளையிற் பேசவிடும் முறை அதனாற் பிரபலமாயிற்று. தூரத்துக் கிராமத்துக்கு நிருபரையும் படப்பிடிப்பாளரையும் அனுப்புவதிலும், பேசுவோரை அழைத்து அமர்த்துவது செலவு குறைந்த காரியம் என்பதையும் சொல்லவேண்டும்.

இனி, 2008ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நிகழ்ந்த சம்பவத்துக்கு வருவோம். காசியாபாத் நீதிமன்ற ஊழியரின் சேமலாப நிதி மோசடி பற்றிய செய்தியை ரைம்ஸ் நௌ ஒளிபரப்பிற்று. அதில் கல்கத்தா மேல் நீதிமன்ற நீதிபதியாயிருந்த சமந்தா என்பவரின் பெயர் கூறப்பட்டது. ஆனால் திரையிலே தோன்றிய படம் பி. பி. சாவந்தினுடையது! அவர் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதியரசர். பத்திரிகைகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கும் இந்தியப் பத்திரிகைச் சபைக்குத் தலைவராக இருந்தவர். பெயரின் ஒலி ஒற்றுமை செய்த வேலை. படம் நின்றது ஏறக்குறையப் பதினைந்து விநாடி.

அச்சுத் தொழிலில் இத்தகைய பிழை நேராது என்று யாரும் சொல்லார். எனினும் நிருபர் எழுதியதை உதவி ஆசிரியர் பார்ப்பார், படத்தின் அடியில் பெயர் எழுதுபவர் பார்ப்பார், ஒப்புநோக்குபவர் பார்ப்பார், பக்கம் இயந்திரத்துக்குப் போகுமுன் இரவுக் கடமையிலுள்ள ஆசிரியர் பார்ப்பார். செய்தி வந்த நிமிடமே திரையில் ஏறவேண்டுமென்றால் இத்தனை கண்களுக்கு இடம் ஏது?

தவறு தெரிந்ததும் படம் நிறுத்தப்பட்டது. சாவந்த் கடிதம் எழுதிக் கண்டித்த பின்னரே, அம்மாதக் கடைசியில் ஐந்து நாட்கள் திருத்தம் ஒளிபரப்பப்பட்டது. அவர் திருப்தியடையாது வழக்குத் தொடர்ந்தார். 2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் புனே நீதிமன்றம் 100 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. மேன்முறையீட்டை விசாரிப்பதற்கு முன் 20 கோடி ரூபாவைப் பணமாகக் கட்டவும், 80 கோடிக்கு வங்கி உத்தரவாதம் தரவும் பம்பாய் மேல் நீதிமன்றம் பணித்தது. அதிலே தலையிட அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சாவந்த் 2021இல் காலமானார்.

தொகை மிதமிஞ்சியது என்றும், சிறிய பத்திரிகை ஒன்றுக்கு இவ்வாறு விதித்தால் அது அன்றே மூடப்படும் என்றும் பத்திரிகை உலகத்தார் பலர் எடுத்துரைத்தனர். எனது அபிப்பிராயமும் அதுவே. கருத்தில்லாது நேர்ந்த பிழைக்கு 100 கோடி என்பது நீதியின் அளவுகோலுக்குள் அடங்காது. ஆனால் திருத்தம் வெளியிட்டோமே என்ற சமாதானத்தை என்னால் ஏற்க இயலவில்லை. நாளிதழில் பிழை வந்தால், மறுநாள் அதே வாசகன் வீட்டுக்கு அதே இதழ் செல்கின்றது. திருத்தம் அவன் கையிலே கிடைக்கின்றது. தொலைக்காட்சியிலோ, அன்று மாலை அந்தப் பதினைந்து விநாடியைப் பார்த்தவர் அடுத்த இரண்டு வாரத்துள் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த அலைவரிசையின் முன் அமர்ந்திருந்தார் என்பதை யார் அறிவார்?