குழாயில் வரும் சுண்ணாம்பு

அடுப்பில் பருப்பு வேகாததற்கும், சாயத்தொட்டியில் நூல் திட்டுத்திட்டாக நிறமேறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். சென்ற ஆண்டுக் கோடைக்கு முன்பு என்னைக் கேட்டிருந்தால், யாதொரு சம்பந்தமும் இல்லை என்றே சொல்லியிருப்பேன். இத்தனைக்கும் கல்லூரியில் இரசாயனம் பயின்றவன் நான்.

கோவைக்குக் கிழக்கே உள்ள ஒரு நெசவாளர் சங்கத்திற்குத் தணிக்கையின் பொருட்டுச் சென்றிருந்தேன். ஊரின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அச்சங்கம் சொந்தமாகச் சாயச்சாலை வைத்திருக்கிறது. அம்மாதம் சாயமிட்ட சிட்ட நூலில் பெரும்பகுதி ஒரே சீராக இல்லை; நீல நிறத்தினூடே வெளிறிய திட்டுகள். பாவு ஓட்டிய நெசவாளிகள் நூலைத் திருப்பிவிட்டனர். சாய மேஸ்திரியின் கவனக்குறைவே காரணம் என்று நிர்வாகக் குழு தீர்மானித்து, நஷ்டத்தைப் பத்துத் தவணைகளில் அவர் சம்பளத்தில் பிடிக்க உத்தரவிட்டிருந்தது. ஏடுகள் ஒழுங்காக இருந்தன. "நடவடிக்கை முறையானதே" என்று தணிக்கைக் குறிப்பில் எழுதிக் கையொப்பமிட்டேன்.

மேஸ்திரியின் வீடு சாயச்சாலையை ஒட்டியது. மறுநாள் இருப்புக் கணக்கில் ஒரு சந்தேகம் கேட்க அங்கே போனபோது, அவருடைய மனைவி திண்ணையருகே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"சோப்புக் கணக்கும் எழுதறீங்களா ஐயா? ஒரு மாசமா ரெண்டு பங்கு சோப்புக் கரையுதுங்க, நுரையே வர்றதில்லை. துவரம்பருப்பு வேகமாட்டேங்குது. தண்ணி மாறிப்போச்சுங்க" என்றார்.

"எப்போதிலிருந்து அம்மா?" என்று கேட்டேன்.

"ஆத்துத் தண்ணிக் குழாய் உடைஞ்ச நாளிலிருந்துங்க."

சாயம் கெட்டதும் அந்த வாரத்திலேதான். ஆற்று நீர் வரும் பெருங்குழாயைப் பழுது பார்க்கும் வரையில், அதே குழாய்களில் ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டிருக்கிறார்கள். ஊரில் எவரும் சாயச்சாலைக்கு அதைச் சொல்லவில்லை. மேஸ்திரியும் குழாயைத் திறந்தால் வருவது வழக்கமான நீரே என்று நம்பியிருக்கிறார்.

நம் பக்கத்து மக்கள் "நல்ல தண்ணீர்", "உப்புத் தண்ணீர்" என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். உப்புத் தண்ணீர் என்பதில் இரண்டு குற்றங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று நாவுக்குத் தெரியும் கரிப்பு. மற்றொன்று நாவுக்கு அவ்வளவாகத் தெரியாத கடினம். அதாவது நீரில் கரைந்த கால்சியம், மக்னீசியம். மழை நீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது புளிப்படைந்து, வழியிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்கிறது. கோவைச் சமவெளியில் சுக்கான்கல்லுக்குக் குறைவில்லை. மதுக்கரையில் சிமெண்டுக்கே வெட்டியெடுக்கும் அளவுக்குச் சுண்ணாம்புப் பாறை உண்டு. ஆழத்தில் நெடுநாள் கிடந்த நீர் அதிகமாகக் கரைத்துக்கொண்டு வருகிறது. கோவை நகருக்கு வரும் சிறுவாணி நீரோ, கேரளத்தின் பாலக்காடு மாவட்ட மலைக்காட்டில் பெய்த மழை. மண்ணில் அதிக காலம் தங்காமலே அணையைச் சேர்வதால் மென்மையாக இருக்கிறது. உலகிலேயே இரண்டாவது சுவையான நீர் என்று கோவைக்காரர்கள் பெருமையடிப்பார்கள். முதலாவது எது என்று கேட்டால் ஊருக்கொரு பதில் வரும்!

சோப்பு ஏன் நுரைப்பதில்லை? சோப்புடன் முதலில் கால்சியம் சேர்ந்து, கரையாத வெண்பிசினாகிறது. நீரிலுள்ள கால்சியம் முழுவதும் இவ்வாறு தீர்ந்த பிறகே நுரை எழும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினமுள்ள நீரில், லிட்டருக்கு ஏறத்தாழ 1.8 கிராம் சுத்தமான சோப்பு இப்படி வீணாகும் என்பது கணக்கு. 15 லிட்டர் வாளி முழுவதையும் நுரைக்கச் செய்வதானால் 27 கிராம் போயிற்று, அழுக்கு ஒரு துளியும் போகுமுன்! இந்நாளைய சலவைத் தூள்கள் இத்தொல்லையைப் பெரிதும் குறைத்துள்ளன. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் இதற்கு அஞ்சுவதில்லை. ஆனால் குளியல் சோப்பு அஞ்சும். அந்த வெண்பிசின் துணியில் ஒட்டினால் வெள்ளை வேட்டி பழுப்பேறும். தலையில் ஒட்டினால் மயிர் நார் போலாகும்.

பருப்பு விஷயமும் இதுவே. பருப்பின் அணுக்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசையைக் கால்சியம் மேலும் இறுக்கிவிடுகிறது. ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போடும் பாட்டிமார் இரசாயனம் படித்தவர்கள் அல்லர்; ஆனால் செய்தது சரி. வெந்நீர்த் தவலையின் அடியில் படியும் வெள்ளை ஓடு, கொதிக்கும்போது பிரிந்த சுண்ணாம்பு. மின்சார வெந்நீர்க் கருவியின் கம்பிச்சுருளிலும் அதுவே படிந்து, மின்சாரச் செலவைக் கூட்டி, கடைசியில் கருவியையே எரித்துவிடும். தவலையைப் புளி போட்டுக் கொதிக்க வைத்துத் தேய்த்தால் ஓடு கழன்றுவிடும். பயிரிடும் அங்கத்தினர்களும் இந்த ஓட்டை அறிவார்கள். சொட்டுநீர்க் குழாயின் துளைகளை அடைப்பது பெரும்பாலும் இதுதான்.

குடிப்பவருக்குக் கேடு என்ற அச்சம் மட்டும் மிகையானது. சிறுநீரகக் கல்லுக்கு இந்நீரே காரணம் என்று ஊரில் பேசினாலும், ஆராய்ச்சிகள் அதை உறுதி செய்யவில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரின் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு நீர் கிட்டாதபோது 600 வரை அனுமதி உண்டு. நாங்கள் அனுப்பிய நீரின் பரிசோதனை அறிக்கை, இருமடங்குக்கு மேல் கடினம் என்றாலும் அனுமதிக்குள் அடங்கியதே என்றது. குடிக்கத் தகுந்த நீர், சாயத்துக்குத் தகாத நீராக இருந்தது. நூலை வேகவைக்கும்போது வெண்பிசின் படிந்த இடத்தில் சாயம் ஏறாது. சில சாயங்கள் கால்சியத்துடன் சேர்ந்து பொடியாகத் திரிந்தும் போகும். அதுவே அந்தத் திட்டுகளின் வரலாறு.

அங்கத்தினர்கள் தாங்களே சோதித்துக்கொள்ளச் சுலப வழி ஒன்று உண்டு. ஒரே அளவான இரண்டு சீசாக்களில் ஒன்றில் மழை நீரும் மற்றொன்றில் குழாய் நீரும் பாதியளவு ஊற்றி, சோப்பைச் சீவிச் சமமாகப் போட்டுக் குலுக்குங்கள். சோப்பு அசல் சோப்பாக இருக்கவேண்டும். சலவைக் கட்டி ஏமாற்றிவிடும். குழாய் நீர் பாலாகக் கலங்கி நுரையின்றி நின்றால் கடினம் என்று அறியலாம். கொதிக்கவைத்தால் கடினத்தில் ஒரு பகுதியே நீங்கும். மீதிக்குச் சலவைச் சோடா வேண்டும். உப்பினால் புதுப்பிக்கும் நீர் மென்மையாக்கும் கருவி விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் அதன் கழிவு நீரைச் செடிக்கு விடலாகாது. இச்சங்கத்துக்கு நான் சொன்ன யோசனை அதைவிட மலிவானது. கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டு முதல் கட்டாயம். சாயச்சாலைக் கூரை நீர் அதுவரை குழியில் இறங்கிக்கொண்டிருந்தது; இப்போது முதலில் ஒரு தொட்டியை நிரப்பிவிட்டே குழிக்குப் போகிறது. வெளிர் நிறங்களுக்கு அந்நீர். ஏனையவற்றுக்குச் சோடா சேர்த்துத் தெளியவைத்த குழாய் நீர்.

நான் எழுதிய குறிப்பை அடித்துத் திருத்துவது எளிதாக இல்லை. மேலதிகாரிக்கு விளக்கம் எழுதவேண்டி வந்தது, எழுதினேன். நிர்வாகக் குழு இரண்டு கூட்டங்கள் விவாதித்துத் தீர்மானத்தை ரத்து செய்தது. அதற்குள் மூன்று தவணைகள் பிடித்தாகிவிட்டன. இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது இம்மாதச் சம்பளத்துடன் சேர்கிறது. மேஸ்திரி சாயச்சாலை ஜன்னலில் இரண்டு சீசாக்களை வைத்திருக்கிறார். தொட்டியில் நூலை இறக்குமுன் அவற்றைக் குலுக்கிப் பார்க்கும் வேலை அவர் மனைவியுடையது.