திரை போட்டா ரெண்டு அறை!



1983-ல் இலங்கையில் கலவரம் நடந்த பிறகு தமிழர்கள் பலர் படகில் ராமேஸ்வரம் வந்தார்கள். சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்றுதான் நினைத்தார்கள். 40 வருஷம் தாண்டியும் பல குடும்பங்கள் முகாமில்தான் இருக்கின்றன. நமக்குப் பக்கத்திலேயே புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாம் உண்டு. பல முகாம்களில் வீடு என்றால் பத்துக்குப் பத்தடி அறைதான். குடும்பம் பெருகியது, அறை பெருகவில்லை. 2021-ல் அரசு 7,469 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தது. 2022-ல் திண்டுக்கல் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறக்கப்பட்டன.

வந்தவங்க எத்தனை நாள் இருப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது. அதனால வீடு மாறத் தெரிஞ்ச வீடா இருக்கணும். அப்படி ஒரு பொண்ணு நம்ம வீட்டுக்குப் படிக்க வந்தா என்ன செய்யலாம்?

1. குறுக்கே கயிறு கட்டி பழைய புடவையைத் திரையாப் போடணும். பகலில் ஒதுக்கினா ஒரே அறை, ராத்திரி இழுத்தா ரெண்டு அறை. ஜன்னலுக்கு நடுவில் திரை வந்தால் ரெண்டு பக்கமும் காற்று வரும்.

2. கட்டில் வேண்டாம், பாய் போதும். சுருட்டி வெச்சா படிக்க இடம்.

3. புத்தகப் பலகையை ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிடணும். அவள் வளர வளர உயர்த்தலாம்.

4. அவளுக்கென்று ஒரு பெட்டி. சாவி அவளிடமே இருக்கணும். எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்களுக்கு 'இது என்னுது' என்று சொல்ல ஒண்ணு வேணும்.

5. 'அகதிப் பொண்ணு' என்று கூப்பிடக்கூடாது. 2021-லேயே முகாமின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றிட்டாங்க. நம்ம வாயும் மாறணும்.

நம்ம இடம் பாதியாகுமே என்று தோணும். உண்மைதான். ஆனால் பத்துக்குப் பத்தில் ஒரு குடும்பமே வாழும்போது, நம்ம வீட்டில் ஒருத்திக்கு இடம் இருக்காதா? யோசியுங்கள்!