பழைய காருக்குப் புது எண்ணெய்!

இங்கிலாந்தில் விடுமுறை நாளில் சில வீடுகளின் வாசலில் ஒரு வேடிக்கையான காட்சியைக் காணலாம். சிறிய கார் ஒன்று நாலு இரும்புக் கால்கள் மீது நிற்கும். அதன் அடியில் இருந்து இரண்டு மனிதக் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்!

அந்தக் கால்களுக்கு உரியவர் மெக்கானிக் அல்ல. காரின் சொந்தக்காரர்தான். வாரம் முழுவதும் ஆபீசில் வேலை பார்த்தவர், இன்று கையில் ஸ்பானர் பிடித்து இருக்கிறார்.

என்ன செய்கிறார்? தன் பழைய காரின் கியர் பெட்டிக்கு எண்ணெய் மாற்றுகிறார்!

5 லட்சம் கார்கள்

இப்படி வீட்டிலேயே பழுது பார்க்கப்படும் கார்களில் பெயர் பெற்றது, "எம்.ஜி.பி." என்ற பந்தயக் கார் போன்ற அழகிய சிறு கார். 1962-ம் ஆண்டில் வெளிவந்தது. ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகே உள்ள ஆபிங்டன் என்ற ஊரில் தயாரானது. "எம்.ஜி." என்பது "மோரிஸ் காரேஜஸ்" என்பதன் சுருக்கம்.

1980-ல் ஆபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. அதற்குள் 5 லட்சத்துக்கு மேற்பட்ட எம்.ஜி.பி. கார்கள் செய்யப்பட்டுவிட்டன. அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன.

இங்கிலாந்தில் 3 ஆண்டுகளைத் தாண்டிய கார்களை ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால், 2018-ம் ஆண்டு முதல், 40 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு இந்தச் சோதனை இல்லை. (பெரிய மாறுதல் எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும்.)

சோதனை இல்லை என்றால் பொறுப்பு இல்லை என்று அர்த்தமா? இல்லை! அதுவரை ஆண்டுக்கு ஒரு முறையாவது வேறு ஒருவர் வண்டியைப் பார்த்தார். இனி எல்லாவற்றையும் சொந்தக்காரரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டிக்குள் என்ன?

என்ஜின் வேகமாகச் சுற்றுகிறது. மேட்டில் ஏறும்போது வேகம் குறைவாகவும், இழுக்கும் சக்தி அதிகமாகவும் வேண்டும். சமதரையில் வேகம் வேண்டும். இதற்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பவை, கியர் பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரங்கள்.

இரும்பும் இரும்பும் ஓயாமல் உரசினால் தேய்ந்துபோகும், சூடேறும். மாட்டு வண்டியின் அச்சுக்கு மை போடாவிட்டால் என்ன ஆகும்? அதே கதிதான் இங்கேயும்! பற்களுக்கு நடுவே மெல்லிய ஏடு போலப் படர்ந்து, அவை நேரே உரசாமல் காப்பது எண்ணெய்.

பெட்டிக்குள் மஞ்சள் நிற உலோக வளையங்களும் உண்டு. கியர் மாற்றும்போது வெவ்வேறு வேகத்தில் சுற்றும் பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது இவற்றின் வேலை. இதற்கு "சிங்க்ரோமெஷ்" என்று பெயர். இதை முதன்முதலில் 1928-ல் அமெரிக்காவின் காடிலாக் காரில் புகுத்தினார்கள். எம்.ஜி.பி.யில் முதல் கியருக்கு 1967-ம் ஆண்டின் கடைசியில்தான் இந்த வசதி வந்தது. அதற்கு முந்திய வண்டிகளில், முதல் கியர் போடுவதென்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் போடுவதே நல்லது. இல்லாவிட்டால் "கரகர" என்று பற்கள் அலறும்!

எந்த எண்ணெய்?

பலர் தவறுவது இங்கேதான்.

"கியர் பெட்டிதானே! கடையில் கியர் ஆயில் என்று விற்பதை வாங்கி ஊற்றினால் போகிறது" என்று நினைக்கிறார்கள். ஆனால், எம்.ஜி.பி.யின் கியர் பெட்டிக்கு ஊற்ற வேண்டியது என்ஜின் எண்ணெய்! அதிலும் 20டபிள்யூ-50 என்ற ரகம். கெட்டியான கியர் ஆயில், பின் சக்கர அச்சுக்கு உரியது.

மாற்றி ஊற்றினால் என்ன? பின் அச்சுக்கு உரிய எண்ணெயில் கந்தகம் கலந்த மருந்துகள் உண்டு. அவை இரும்புப் பற்களுக்கு நல்லவை. ஆனால் சில வகைகள் மஞ்சள் உலோக வளையங்களை அரித்துவிடும். சில வண்டிகளில் "ஓவர்டிரைவ்" என்ற கூடுதல் வேகக் கருவியும் உண்டு. அதுவும் கியர் பெட்டியின் எண்ணெயில்தான் ஓடுகிறது. தவறான எண்ணெய் ஊற்றினால் அதற்குப் பிடிப்பு வராது, வழுக்கும்.

உயிர் பெரிது!

வேலை சிறியது. ஆனால் ஆபத்து பெரியது. கிட்டத்தட்ட ஒரு டன் எடை உள்ள வண்டி, தலைக்கு மேலே நிற்கிறது!

ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. செங்கல் அடுக்குவதும் ஆகாது. செங்கல் திடீரென்று நொறுங்கிவிடும். கெட்டியான சமதரையில், நல்ல இரும்புத் தாங்கிகள் நாலின் மேல் வண்டியை நிறுத்த வேண்டும். அசைத்துப் பார்த்த பிறகே அடியில் நுழைய வேண்டும்.

மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓட விடவும் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளையே கொன்றுவிடும்.

செய்யும் முறை

முதலில் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி வர வேண்டும். சூடான எண்ணெய் இளகி, அழுக்கையும் அடித்துக்கொண்டு வெளியே வரும். கை சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

அடுத்தது, முக்கியமான விதி: எண்ணெய் ஊற்றும் மூடியை முதலில் திறந்து பார்க்க வேண்டும். பிறகுதான் அடி மூடியைத் திறக்க வேண்டும். பழைய எண்ணெயை எல்லாம் வடித்துவிட்ட பிறகு, மேல் மூடி துருப்பிடித்துத் திறக்க மறுத்தால்? வண்டி அங்கேயே படுத்துக்கொள்ளும்!

பழைய எம்.ஜி.பி.க்களில் ஊற்றும் துளை காருக்குள்ளேயே இருக்கிறது. கம்பளத்தைத் தூக்கினால் ஒரு ரப்பர் மூடி தெரியும். அதன் கீழே அளவு பார்க்கும் கம்பி இருக்கும். பிற்கால வண்டிகளில் கியர் பெட்டியின் பக்கவாட்டில் மூடி உண்டு.

வடிந்த எண்ணெயைக் கொட்டிவிடாமல் உற்றுப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறக் குழம்பு போல் கொஞ்சம் இருந்தால் கவலை இல்லை. மஞ்சள் துகள்கள் நிறைய மின்னினால், வளையங்கள் தேய்கின்றன என்று பொருள். இரும்புச் சில்லுகள் வந்தால், பல்லோ பேரிங்கோ உடைகிறது. உடனே கைதேர்ந்த மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

அடி மூடியை இறுக்கி, புது எண்ணெயை ஊற்ற வேண்டும். வண்டியின் வகையைப் பொறுத்துச் சுமார் இரண்டரை லிட்டர் முதல் மூன்றரை லிட்டர் வரை பிடிக்கும். வண்டி சரிவாக நின்றால் அளவு தவறாகக் காட்டும். குறைந்தால் பேரிங் கருகும். கூடினால் எண்ணெய் கசிந்து, கிளச்சையும் கெடுக்கும். ஓவர்டிரைவ் உள்ள வண்டியைச் சிறிது ஓட்டிவிட்டு மறுபடியும் அளவு பார்க்க வேண்டும்.

பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது அங்கே சட்டப்படி குற்றம். டப்பாவில் அடைத்து, நகராட்சியின் சேகரிப்பு நிலையத்தில் கொடுத்துவிடுகிறார்கள்.

கார் ஓடுவது பெட்ரோலால். அரை நூற்றாண்டு ஓடுவது, எண்ணெயாலும் சொந்தக்காரரின் பொறுமையாலும்தான்!