காலேஜ் (ஆங்கிலச் சொல்)

காலேஜ் என்பது ஆங்கிலத்தில் பெரும்பாலும் உயர்கல்வி நிறுவனத்தைக் குறிக்கும் சொல்லாகும். தமிழில் இது கல்லூரி எனப்படுகிறது. எனினும் பள்ளிக்கூடம், பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பு, மருத்துவர்களின் தொழில்சார் அமைப்பு, தேர்தலில் வாக்களிக்கும் குழு எனப் பலவற்றுக்கும் ஆங்கிலத்தில் இச்சொல் வழங்குகிறது. கல்வியில் இதன் பொருள் நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. எனவே ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பில் இச்சொல் வரும்போது, அது எந்த நாட்டு வழக்கு என்று தெரியாமல் அவர் எதுவரை படித்தார் என்று சொல்ல இயலாது.

சொற்பிறப்பு

இலத்தீன் மொழியில் கொல்லேகா என்பது ஒரே பொறுப்பில் உடன் அமர்த்தப்பட்டவரைக் குறிக்கும். அவ்வாறு சேர்ந்தவர்களின் கூட்டம் கொல்லேகியம் எனப்பட்டது. பண்டைய உரோமையில் பூசாரிகளின் குழுக்களும், கைவினைஞர் சங்கங்களும், உறுப்பினர்களின் ஈமச்சடங்கைப் பொறுப்பேற்று நடத்திய சங்கங்களும் இப்பெயரால் அழைக்கப்பட்டன. இத்தகைய சங்கம் அமையக் குறைந்தது மூவர் வேண்டும் என்பது உரோமைச் சட்ட மரபு. ஆக, இச்சொல்லின் வேரில் படிப்பு இல்லை. பொது விதி ஒன்றுக்குக் கட்டுப்பட்டுப் பலர் சேர்ந்திருத்தலே உள்ளது.

தமிழிலுள்ள கல்லூரி என்ற சொல் 'கல்' என்னும் வினையடியாகப் பிறந்தது. சீவக சிந்தாமணியிலேயே இது பயிலும் இடத்தைக் குறித்து வந்துள்ளது. இதன் வேரில் இருப்பது கல்வி. இதனால் கல்வி தொடர்பான இடங்களில் மட்டுமே இவ்விரு சொற்களும் ஒன்றுக்கொன்று ஈடாகும்.

கல்வி சாராத பயன்பாடுகள்

பழைய 'குழு' என்ற பொருள் இன்றும் வழக்கில் உள்ளது. கத்தோலிக்கத் திருச்சபையில் கர்தினால்கள் அனைவரும் சேர்ந்த குழு காலேஜ் எனப்படுகிறது. அவர்களுள் 80 வயதுக்கு உட்பட்டோர் புதிய திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் 538 வாக்காளர்களின் குழுவும் காலேஜ் என்றே அழைக்கப்படுகிறது. அந்நாட்டு அரசியலமைப்பில் அவர்கள் வாக்காளர்கள் என்றே குறிக்கப்படுகின்றனர். காலேஜ் என்ற சொல் அதில் இல்லை. இவர்கள் ஒரே இடத்தில் கூடுவதும் இல்லை. அவரவர் மாநிலத்தில் கூடி வாக்களிக்கின்றனர். இந்தியக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் குழுவுக்கு இந்திய அரசியலமைப்பின் 54ஆம் பிரிவு இதே சொல்லைப் பயன்படுத்துகிறது. இவற்றைத் தேர்தல் கல்லூரி என்று மொழிபெயர்ப்பது பொருந்தாது. வாக்காளர் குழு என்பதே பொருள் தருவது. இந்தியாவில் உயர் நீதிபதிகளின் நியமனத்தைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவின் பெயரான கொலீஜியம், இச்சொல்லின் இலத்தீன் வடிவமே.

தொழில்சார் அமைப்புகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. இலண்டனில் 1518இல் எட்டாம் என்றி மன்னரின் ஆணையால் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிசியன்ஸ் தொடங்கியது. இது மருத்துவர்களின் அமைப்பு. மருத்துவப் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரி அன்று. மருத்துவர்களின் பெயர்ப் பலகைகளில் காணப்படும் எம்.ஆர்.சி.பி., எஃப்.ஆர்.சி.எஸ். ஆகியவை இத்தகைய அமைப்புகளில் பெற்ற உறுப்புரிமையைக் காட்டுகின்றன. ஏற்கெனவே மருத்துவப் பட்டம் பெற்றவர்களே இவற்றை அடைய முடியும்.

பிரித்தானியாவில்

இடைக்காலத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒன்றாகத் தங்கி, உண்டு, வழிபட்டு வாழ்ந்த குழுக்கள் அறக்கொடைகளால் நிலைபெற்றன. ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ச் நகரங்களின் காலேஜ்கள் இவ்வாறு உருவானவை. ஆக்சுபோர்டின் மெர்ட்டன் காலேஜ் 1264இலும், கேம்பிரிட்சின் பீட்டர்ஹவுஸ் 1284இலும் நிறுவப்பட்டன. இன்று இவ்விரு பல்கலைக்கழகங்களிலும் தலா 30க்கு மேற்பட்ட காலேஜ்கள் உள்ளன. இளநிலை மாணவர்களைச் சேர்ப்பதும் தங்கவைப்பதும் காலேஜின் வேலை. தேர்வு நடத்திப் பட்டம் அளிப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. ஆக்சுபோர்டின் ஆல் சோல்ஸ் காலேஜில் இளநிலை மாணவர்களே இல்லை.

பிரித்தானியாவில் பள்ளிகளும் இப்பெயரைத் தாங்குகின்றன. 1440இல் நிறுவப்பட்ட ஈட்டன் காலேஜ், 13 முதல் 18 வயது வரையுள்ள சிறுவர்களுக்கான பள்ளியாகும். 16 முதல் 18 வயதினர் பயிலும் சிக்ஸ்த் ஃபார்ம் காலேஜ்களும் உள்ளன.

அமெரிக்காவிலும் கனடாவிலும்

அமெரிக்காவில் காலேஜுக்குப் போதல் என்றால் இளநிலைப் பட்டப்படிப்பு படித்தல் என்றே பொருள். பயிலும் நிறுவனம் பல்கலைக்கழகமாக இருந்தாலும் அப்படியே சொல்வர். 1636இல் தோன்றிய ஹார்வர்டு, இன்று பல்கலைக்கழகம். அதனுள் இளநிலைப் படிப்புக்கான பிரிவு ஹார்வர்டு காலேஜ். டார்ட்மவுத் காலேஜ் முனைவர் பட்டம் வரை வழங்கினாலும் பழைய பெயரையே வைத்துள்ளது. கம்யூனிட்டி காலேஜ்களில் பெரும்பாலும் ஈராண்டுப் படிப்புகள் நடைபெறுகின்றன.

கனடாவில் நிலை வேறு. பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழகம், தொழிற்பயிற்சிக்கும் பட்டயப் படிப்புக்கும் காலேஜ் என்ற வேறுபாடு அங்குப் பொதுவழக்கில் உண்டு.

இந்தியாவில்

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய இடங்களில் தொடங்கிய பல்கலைக்கழகங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டவை. தொடக்கத்தில் அவை பாடம் நடத்தவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் மட்டும் வழங்கின. கற்பித்தல் இணைப்புப் பெற்ற கல்லூரிகளில் நடந்தது. இன்றும் பெரும்பாலான கலை, அறிவியல் கல்லூரிகளில் பாடம் நடத்துவது கல்லூரி. பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம். தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே தேர்வு நடத்தினாலும் பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வருகிறது.

ஆந்திரம், தெலங்கானா, மகாராட்டிரம் போன்ற மாநிலங்களில் 11, 12ஆம் வகுப்புகள் நடக்கும் நிறுவனங்கள் ஜூனியர் காலேஜ் எனப்படுகின்றன. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளில் தொடங்கும் முன்னர், புகுமுக வகுப்பு கல்லூரிகளில் இருந்தது.

இலங்கையிலும் சிங்கப்பூரிலும்

இலங்கையில் கல்லூரி என்ற பெயர் பெரும்பாலும் பாடசாலையைக் குறிக்கும். 1835இல் தோன்றிய கொழும்பு அக்கடமி, 1881இல் ராயல் கல்லூரி எனப் பெயர் மாறியது. இன்றும் அது பாடசாலையே. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் அப்படியே. ஆகவே ஓர் ஈழத்து எழுத்தாளர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் பயின்றார் என்ற குறிப்பைத் தமிழ்நாட்டு வாசகர் பட்டப்படிப்பு எனப் புரிந்துகொண்டால் பிழையாகும். அதே நாட்டில் ஆசிரியர் பயிற்சி தரும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் பாடசாலைகள் அல்ல.

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி என்பது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஈராண்டுக் கல்வியைத் தரும் நிறுவனமாகும்.

தமிழில் எழுதும்போது

காலேஜ் என்ற சொல்லைத் தமிழில் தரும்போது, அங்குப் படிப்பு நடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். படிப்பு இல்லையெனில் குழு, அவை, மன்றம் போன்ற சொற்களில் பொருத்தமானதைக் கொள்ளலாம். படிப்பு நடக்குமாயின் கல்லூரி என்பது பொருந்தும். நிறுவனத்தின் பெயரிலேயே கல்லூரி என்று இருந்து, அது பள்ளிக்கூடமாக இருப்பின், பெயரை மாற்றாமல் அங்கு எந்த வகுப்பு வரை கற்பிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துக் குறிப்பது நல்லது. சான்றிதழைப் பொறுத்தவரை நிறுவனத்தின் பெயர் மட்டும் போதாது. படிப்பு எது, எத்தனை ஆண்டு, பட்டமோ பட்டயமோ வழங்கியது யார் என்பவையே அதன் தகுதியைக் காட்டும்.