வாய் திறக்காத மின்னூல்கள்

திருவாரூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கும் என் நண்பருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஆனாலும் நாளைக்கு மூன்று மணி நேரமாவது படிக்கிறவர். போனில் உள்ள திரைவாசிப்பான் வரிவரியாகச் சொல்லச் சொல்லக் காதால் படிப்பார். நாம் பேசுவதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் அதை ஓடவிட்டிருப்பார்; பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. பத்து வருடமாக அவர் தேடிக்கொண்டிருந்த நாவல் ஒன்றை யாரோ போன மாதம் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக அனுப்பிவைத்தார்கள். அன்று இரவே எனக்குப் போன் செய்தார். “புக்கு வந்துடுச்சு சார். ஆனா போன் பேச மாட்டேங்குது.”

வாங்கிப் பார்த்தேன். முந்நூறு பக்கத்துக்கு மேல். ஒவ்வொரு பக்கமும் ஒரு புகைப்படம். எழுத்து என்று அதில் ஒன்றுகூட இல்லை, எழுத்தின் படம்தான் இருந்தது. பார்வை உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். போனுக்கு அப்படி இல்லை. மலையின் படமும் ‘ம’ என்ற எழுத்தின் படமும் அதற்கு ஒன்றுதான்.

இந்தச் சங்கடம் பார்வையற்றவர்களோடு நிற்பதில்லை. படமாக இருக்கும் பக்கத்தைப் போனில் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடும். விரலால் இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும். நான்கு பக்கத்துக்குள் அலுத்துவிடும். எழுத்தாக இருக்கும் நூலில், எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானே மடிந்து கீழே இறங்கும். கண்புரை அறுவை செய்துகொண்ட என் அம்மா, அச்சுப் புத்தகத்தைத் தொட்டுப் பல வருடங்கள் ஆனவர், இப்போது கைப்பலகையில் ஒரு திரைக்கு எட்டு வரி வருமளவு எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு படிக்கிறார். மின்னூல் தமிழ் வாசிப்பை மாற்றிவிட்டதா என்று என்னைக் கேட்டால், எழுத்தாக வந்த இடத்திலெல்லாம் மாற்றிவிட்டது என்பேன். படமாக வந்த இடத்தில் பழைய அலமாரிதான் போனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதை முதலிலேயே புரிந்துகொண்டவர்கள் கடை விரித்தவர்கள் அல்லர். தொண்டாக வேலை செய்தவர்கள். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் தொடங்கினார், அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனன் துணை நின்றார். முதலில் ஏற்றப்பட்ட நூல் திருக்குறள். வெவ்வேறு நாடுகளில் பிழைக்கப்போன தமிழர்கள் வேலை முடிந்து வீடு திரும்பி, ஆளுக்குக் கொஞ்சமாகத் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். அன்றைக்குக் கணினித் தமிழுக்கு ஒரே குறியீடு கிடையாது. ஓர் எழுத்துருவில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். டிஸ்கி என்ற குறியீட்டில் ஏற்றினார்கள், பிறகு எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றினார்கள். சங்க நூல்களிலிருந்து இருபதாம் நூற்றாண்டு எழுத்துவரை இன்று யாரும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். என் ஆசிரிய நண்பர் சிலப்பதிகாரத்தை முழுதாகப் படித்தது, அவர் சொற்படி, லோசானில் இருந்தவர்களின் புண்ணியத்தில்தான்.

படம் பிடித்து வைப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதியே இல்லை. அந்த இழப்பின் நினைவு மாறாத மண்ணில் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்கள், இதழ்கள், கோயில் மலர்கள், துண்டறிக்கைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. இங்கே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அரிய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வைத்திருக்கிறது. தீயும் கரையானும் தொட முடியாத இடத்துக்கு ஒரு நூலைக் கொண்டுபோவது பெரிய பணி. ஆனால் அது காப்பதற்கான பணி. வாசகன் கையில் சேர்ப்பதற்கு இன்னும் ஒரு படி ஏற வேண்டும்.

பதிப்பகங்களின் கதை வேறு. அமேசான் தன் கிண்டில் கடையில் இந்திய மொழி நூல்களுக்குக் கதவைத் திறந்தது 2016 டிசம்பரில். தமிழும் அதில் ஒன்று. அந்தச் சமயத்தில் நம் பதிப்பாளர்கள் பலரிடம் இருந்தவை பேஜ்மேக்கரில் செய்த பழைய கோப்புகள், அவற்றில் இருந்தவை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள். நூல் கணினியில் இருக்கிறது, ஆனால் எழுத்தாக இல்லை என்கிற நிலை. மாற்றிக்கு உள்ளே கொடுத்து எடுத்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக உடைந்து வரும். அதை வரிவரியாகத் திருத்த வேண்டும். ஒரு நூலுக்கு இரண்டு தடவை மெய்ப்புச் செலவு என்றால் சிறு பதிப்பாளர் என்ன செய்வார்? அச்சு விற்பனையும் பாதிக்குமோ என்ற பயம் வேறு. பலர் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்த இடைவெளியில் எழுத்தாளர்கள் நேரே நுழைந்தார்கள். பதிப்பாளர் கிடைக்காதவர்கள், பதிப்பாளரிடம் கணக்குக் கேட்டுக் களைத்தவர்கள், அச்சுக்குப் போதாத நாற்பது பக்கக் குறுநாவல் எழுதியவர்கள் எல்லோருக்கும் அது வழி. அச்சு நூலுக்கு எழுத்தாளருக்குப் பத்து சதவீதம் என்பது நம் ஊர் வழக்கம். அதுவும் எல்லோர் கைக்கும் ஒழுங்காக வந்து சேர்வதில்லை. கிண்டிலில் 35 சதவீதம். அங்கே மட்டும்தான் மின்னூலாகத் தருவேன் என்று ஒப்புக்கொண்டால் 70 வரை போகும். சந்தா கட்டிப் படிப்பவர்கள் எத்தனை பக்கம் புரட்டினார்களோ அத்தனைக்கும் தனியாகக் காசு. இதனால் எழுத்தே கொஞ்சம் மாறியிருக்கிறது: பக்கத்துக்குக் காசு என்றதும் இழுத்து எழுதுவது வந்தது, மெய்ப்பே பார்க்காத நூல்களும் வந்து குவிந்தன. இருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பதிப்பக வாசலை மிதிக்கத் தயங்கிய பல பெண்கள் இந்த வழியாக எழுத்தாளர் ஆகியிருக்கிறார்கள். தங்கள் பெயரில் வந்த வருமானத்தைத் தங்கள் கையில் வாங்கியிருக்கிறார்கள். அந்த ஒன்றுக்காகவே இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன்.

வரி இவர்களுக்கு உதவவில்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அச்சு நூலுக்கு வரி கிடையாது, மின்னூலுக்கு 18 சதவீதம். அடுத்த ஆண்டு அதை 5 ஆக்கினார்கள். ஆனால் அச்சிலும் வந்திருக்கிற நூலுக்குத்தான் அந்தச் சலுகை. அச்சுக்குப் போக வசதியில்லாமல் மின்னூலாக மட்டும் வெளியிட்டவரின் நூலுக்குக் கூடுதல் வரி என்பது எந்த நியாயத்திலும் சேராது.

காசு கொடுத்து வாங்கிய மின்னூல் வாசகனுக்குச் சொந்தமா என்றால், அதுவும் இல்லை. 2009 ஜூலையில் அமெரிக்க வாசகர்கள் சிலர் கிண்டிலைத் திறந்தபோது, வாங்கி வைத்திருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ காணாமல் போயிருந்தது. உரிமை இல்லாத ஒருவர் அதை விற்றிருந்ததால் நிறுவனம் தொலைவிலிருந்தே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. பிறகு மன்னிப்பும் கேட்டது. ஆனாலும் அழிக்க முடியும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நாம் வாங்குவது படிக்கும் அனுமதியைத்தான். என் தாத்தாவின் பெயர் எழுதிய அபிதான சிந்தாமணி என் வீட்டில் இருக்கிறது. என் கணக்கில் உள்ள மின்னூல்களை அப்படி என் மகளுக்கு எழுதிவைக்க முடியாது.

நூலகம் இருப்பது இதற்காகத்தான். தனி ஆள் வைத்துக்காக்க முடியாததை ஊர் வைத்துக்காக்கும். விடுதலைக்குப் பின் இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகங்களுக்கென்று சட்டம் இயற்றியது நம் சென்னை மாகாணம், 1948இல். வீட்டு வரியோடு நாம் கட்டும் நூலக வரியில்தான் இங்குள்ள நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் நடக்கின்றன. பதிப்பாளர்களும் இந்த நூலகங்களுக்கு நூல் வாங்கத் தரப்படும் நூலக ஆணையை நம்பியே நூல் போட்டார்கள். ஆணை வரும் என்ற தைரியத்தில் 1,200 படி அச்சிட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று அதே பதிப்பாளர்கள் ஐம்பதும் நூறுமாகத் தேவைக்கேற்ப அச்சடித்துக்கொள்கிறார்கள். இதில் மின்னூலுக்கு என்ன இடம்? எனக்குத் தெரிந்த எந்த ஊர்ப்புற நூலகத்திலும், உறுப்பினர் அட்டையைக் காட்டி, போன வருடம் வந்த தமிழ் நாவலைப் போனில் இரவல் பெற முடியாது.

அமெரிக்காவில் முடிகிறது; ஆனால் சண்டையோடு. 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், ஒரு மின்னூலை நூலகம் 26 தடவை இரவல் கொடுத்ததும் மறுபடி காசு கட்டி வாங்க வேண்டும் என்றது. 2019 நவம்பரில் மேக்மில்லன், புது நூலுக்கு முதல் எட்டு வாரம் ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு பிரதிதான் என்றது. நூலகங்கள் பல அதன் மின்னூல்களை வாங்குவதை நிறுத்தின. 2020 மார்ச்சில் மேக்மில்லன் பின்வாங்கியது. இந்தச் சண்டை இங்கே தொடங்குவதற்கு முன்பே நாம் நல்ல ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். நூலக ஆணையில் அச்சுப் படியோடு யூனிகோடு மின்படியையும் சேர்த்து வாங்கி, அதற்குரிய விலையைப் பதிப்பாளருக்கும் எழுத்தாளருக்கும் தனியாகக் கொடுத்துவிடலாம். இது நடந்தால், வாட்ஸ்அப்பில் சுற்றும் திருட்டுப் படங்களுக்குப் பாதி வேலை இருக்காது. அந்தப் பிடிஎஃப்களைப் பரப்புகிறவர்கள் உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் சோற்றில் கைவைக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நேர்வழியில் கிடைக்காத ஒரு நூலுக்காகப் பத்து வருடம் காத்திருந்தவரை நான் எப்படிக் குற்றம் சொல்வேன்?

போனில் படித்தால் ஆழ்ந்து படிக்க முடியாது என்கிறார்கள். கட்டுரை நூல்களைப் பொறுத்தவரை எனக்கும் அந்த அனுபவம் உண்டு. நடுவில் ஓர் அறிவிப்பு வந்து விழும், இழை அறுந்துபோகும். ஆனால் பொன்னியின் செல்வன் திரைப்படமாக வந்த 2022இல் ரயிலிலும் பேருந்திலும் எத்தனை இளைஞர்கள் ஐந்து பாகத்தையும் போனில் படித்தார்கள் என்று பார்த்தேன். கல்கி அதை 1950 முதல் வாராவாரம் தொடராக எழுதினார். ஓர் அத்தியாயம் ஒரு பயணத்துக்குச் சரியாக இருக்கிறது. அவர் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் மின்னூலாக்கலாம், ஆக்கினார்கள்.

நாட்டுடைமை நூல்களில்தான் நம் கைவேலை காத்திருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் தமிழ் விக்கிமீடியர்களும் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களை விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் ஏற்றியிருக்கிறார்கள். கணினியே படத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றித் தந்துவிட்டது. ஆனால் கணினிக்கு ‘ர’வும் துணைக்காலும் ஒன்றாகத் தெரியும், புள்ளியைத் தவறவிடும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல் என்றால், துதிக்கை போட்ட ‘லை’, ‘னை’யைக் கண்டு தடுமாறும். மனிதக் கண் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் மூலநூலின் படம். ஒப்பிட்டுத் திருத்திச் சேமித்தால் சிவப்பாக இருந்த பக்கம் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்ததும் பச்சையாகும். எனக்கு ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆகிறது. தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம், போனிலேயே செய்யலாம். இன்று இரவு ஒரு சிவப்புப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.