நம்மைப் பின்தொடரும் கைபேசி: பாதுகாப்பா, வேவு பார்ப்பதா?

கடவுச்சொல், ஓ.டி.பி., கைரேகை ஆகியவை வாசலில் ஒருமுறை அடையாளம் காட்டிவிட்டு உள்ளே போவது போன்றவை. இப்போது பரவிவரும் 'தொடர் சரிபார்ப்பு' அப்படியல்ல. நமது காரைக்குடி பெரிய வீடுகளில் முகப்போடு நின்றுவிடாமல், வளவு, இரண்டாம் கட்டு என்று நாம் போகுமிடமெல்லாம் காவலாளி கூடவே வந்தால் எப்படியிருக்கும்? அதைத்தான் இது செய்கிறது.

கைபேசியின் அசைவையும் சுழற்சியையும் அளக்கும் சென்சார்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. எந்தச் சாய்வில் பிடிக்கிறோம், எவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்கிறோம், எப்படி நடக்கிறோம் என்பதை வைத்து, வைத்திருப்பவர் நாம்தானா என்று செயலிகளால் கணிக்க முடியும். திறந்த நிலையில் போன் திருடு போனாலும் பணத்தைக் காக்க இது உதவும். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளும், பரிவர்த்தனை நடக்கும் இடம், பயனரின் வழக்கமான நடத்தை ஆகியவற்றைக் கொண்டு கூடுதல் சோதனை செய்ய இடமளிக்கின்றன. இவை 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியவை.

ஆனால் அதே தகவல் நமது நடமாட்டம், தூக்கம், உடல்நலம் பற்றியும் சொல்லிவிடும். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். நடையை மாற்ற முடியாது.

இது வெறும் அச்சமல்ல. தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் 'முஸ்லிம் புரோ' செயலியின் இருப்பிடத் தகவல் 'எக்ஸ்-மோட்' என்ற தரவு நிறுவனத்துக்குப் போனதையும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததையும் 2020 நவம்பரில் 'மதர்போர்டு' இதழ் வெளிப்படுத்தியது. அதன்பின் அத்தொடர்பைத் துண்டிப்பதாகச் செயலி நிறுவனம் அறிவித்தது. ஒரு தேவைக்காகக் கொடுத்த தகவல் வேறொரு தேவைக்குப் போனதே அங்கு நடந்த தவறு.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் தகவலை அழிக்கக் கோரவும் வழிசெய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலாகின்றன.

நமது வீடுகளில் இன்றே செய்யக்கூடியவை:

• இருப்பிட அனுமதியைச் 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். தொழுகை நேரத்துக்கு ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

• அசைவு சென்சார்களைப் பயன்படுத்தப் பல செயலிகள் அனுமதியே கேட்பதில்லை. எனவே தேவையற்ற செயலிகளை நீக்கிவிடுங்கள்.

• ஆதார் கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

• வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை அத்தாவின் போனில் பிள்ளைகள் கையாளும் வீடுகள் நம்மிடையே உண்டு. கை மாறினால் இத்தகைய சோதனை சந்தேகப்படலாம். வங்கிச் செயலியைக் கணக்கு வைத்திருப்பவரே இயக்குவது நல்லது.

• என் பழக்கவழக்கப் பதிவு போனிலேயே இருக்கிறதா, உங்கள் சர்வருக்கு வருகிறதா, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

பிறர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லி நுழையவே சூரா அந்நூரின் 27ஆம் வசனம் நமக்குக் கற்றுத்தருகிறது. நம் கைபேசிக்குள் நுழைபவர்களிடமும் அந்த அனுமதியை நாம் கேட்டுப் பெறுவோம், இன்ஷா அல்லாஹ்.