தகவலுக்கு வழி சொல்லும் பெட்டி



நாமக்கல்லில் இருந்து சேலத்துக்கு முட்டை லாரி போகுதுன்னு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டகலூர் கேட் பக்கம் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது. எதிரே வரும் டிரைவர் லைட்டைப் போட்டுக் காட்டி, "அண்ணே, இப்படிப் போகாதீங்க, திருச்செங்கோடு வழியா சுத்திப் போங்க" என்று சொல்லிவிடுவார். இன்டர்நெட்டில் போகும் தகவலுக்கு இதை யார் சொல்வது? ரவுட்டர் என்ற பெட்டிதான்.

ஒவ்வொரு ரவுட்டரிலும் ஓர் அட்டவணை இருக்கும். எந்த முகவரிக்கு எந்த வயர் வழியே அனுப்பணும் என்று அதில் இருக்கும். அதை மனிதர் கையால் எழுதி வைக்கலாம். ஆனால் அது பஸ் ஸ்டாண்டில் பெயிண்டால் எழுதிய போர்டு மாதிரி. ரோடு அறுந்தாலும் போர்டு பழைய வழியையே காட்டும்! இன்னொரு முறையில் ரவுட்டர்கள் பக்கத்து ரவுட்டரோடு பேசி, தாங்களே அட்டவணையை நிரப்பிக்கொள்ளும். அப்படிப் பேசுவதற்கான விதிமுறைதான் டைனமிக் ரவுட்டிங் புரோட்டோகால்.

பழைய விதிமுறை ஒன்றின் பெயர் ரிப். வழியில் எத்தனை ரவுட்டர் என்று மட்டும் எண்ணும். 15-க்கு மேல் போனால் "வழியே இல்லை" என்று சொல்லிவிடும். ஓஎஸ்பிஎஃப் அப்படி இல்லை. வயரின் வேகத்தையும் பார்க்கும். ஒற்றையடிப் பாதை நேராகப் போனாலும் நாலு வழிச் சாலையில் சுற்றிப் போவதே மேல் என்று அதற்குத் தெரியும். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்து நாட்டு டைக்ஸ்ட்ரா. 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, பேப்பர் பேனா இல்லாமல் 20 நிமிஷத்தில் யோசித்தாராம். அவர் யோசித்ததும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் குறைந்த தூரத்தில் எப்படிப் போவது என்பதைத்தான்!

எங்க சித்தி பையன் பாலிடெக்னிக் படிக்கிறார். அந்த அண்ணன் லேப்டாப்பில் பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருள் இருக்கு. நிஜ ரவுட்டர் இல்லாமலே அதில் பழகலாம். அரையாண்டு லீவில் அதில் மூன்று ரவுட்டர் வைத்து, சேலம், நாமக்கல், திருச்செங்கோடு என்று பேர் வைத்து, முக்கோணமாக வயர் இழுத்தேன். பிறகு ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் "ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் 1" என்று அடிக்கணும். அடுத்து, அதோடு சேர்ந்த ஒவ்வொரு வயருக்கும் ஒரு வரி: "நெட்வொர்க் 10.0.1.0 0.0.0.255 ஏரியா 0". இந்த 0.0.0.255 தான் குழப்பும். 0 இருக்கும் இடத்தில் எண் அப்படியே பொருந்தணும், 255 இருக்கும் இடத்தில் எந்த எண்ணும் வரலாம், அவ்வளவுதான். ஒரு வயரின் இரண்டு முனையிலும் ஏரியா எண் ஒன்றாக இருக்கணும். இல்லைன்னா இரண்டும் பேசிக்காது.

அதன் பிறகு 10 வினாடிக்கு ஒரு தடவை "ஹலோ" சொல்லிக்கொண்டே இருக்கும். 40 வினாடி பதில் வரலைன்னா பக்கத்து ரவுட்டர் செத்துப்போச்சு என்று முடிவு கட்டிவிடும். (நம்ம வகுப்பு அட்டெண்டன்ஸை விடக் கறார்!) நான் சேலம் - நாமக்கல் வயரையே அழித்துப் பார்த்தேன. வயரைப் பிடுங்கினால் ரவுட்டருக்கு உடனே தெரியும், 40 வினாடி காத்திருக்காது. ஒன்றிரண்டு பதில் தவறியது. அப்புறம் தகவல் திருச்செங்கோடு வழியாகப் போக ஆரம்பித்துவிட்டது. யாரும் எதையும் அடிக்கவில்லை.

அப்படின்னா போன மாதம் நம் பள்ளியில் ஏன் நாலு நாள் நெட் இல்லை? ரோட்டோரம் குழி தோண்டியதில் கேபிள் அறுந்துபோனது எல்லோருக்கும் தெரியும். ஊரகத் திறனாய்வுத் தேர்வு விண்ணப்பம் ஏற்ற வேண்டிய நேரம். ஹெச்.எம். சார் தன் செல்போன் நெட்டில் இரவு வரை உட்கார்ந்து எங்கள் எல்லார் பேரையும் ஏற்றினார். ரவுட்டர் வேறு வழியில் அனுப்பியிருக்கலாமே என்று நிறைய பேர் கேட்டீங்க. இருக்கிற வழிகளில் நல்லதைத்தான் அது தேர்ந்தெடுக்கும், புது வழி போடத் தெரியாது. நமக்கு வருவது ஒரே ஒரு கேபிள்.

2008 ஜனவரி 30-இல் எகிப்து நாட்டின் அலெக்சாண்டிரியா அருகே கடலுக்கடியில் இரண்டு பெரிய கேபிள்கள் அறுந்தன. இந்தியாவில் இன்டர்நெட் ரொம்ப மெதுவானது, ஆனால் ஒரேயடியாக நிற்கவில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் கேபிள்கள் மாதிரி கிழக்குப் பக்கமும் வழி இருந்ததுதான் காரணம். (கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவில் பேசும் விதிமுறை ஓஎஸ்பிஎஃப் அல்ல, பிஜிபி. அது பெரிய கதை.)

சிம் போடும் ரவுட்டர் ஒன்றை இரண்டாவது வழியாக வைக்கலாம் என்று கம்ப்யூட்டர் டீச்சர் சொன்னாங்க. அதற்கு ஓஎஸ்பிஎஃப் கூட வேண்டாமாம். கேபிள் போனால் சிம்முக்கு மாறு என்று கையால் எழுதி வைத்தாலே போதும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்கப்போறாங்க. உங்க வீட்டிலிருந்து யாராவது அந்தக் குழுவில் இருந்தால் முன்னாடியே சொல்லி வையுங்கள்.

கட்டளைகள் எல்லாம் என் நோட்டில் இருக்கு. வேண்டும்னா மதிய இடைவேளையில் 9-ஆம் வகுப்பு 'அ' பிரிவுக்கு வாங்க.